கூல்பாருக்கு வந்த சுணை

முதன்முதலாக ஒரு பெண்ணைத் தனியே சந்திக்கப் போன அன்று நான் சொறிந்துகொண்டிருந்தேன். எப்படிச் சொன்னாலும் மானம் போகிற கதைதான். ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கலியாண வீட்டில் அறிமுகமாகி, மாதக்கணக்காகத் தொலைபேசியில் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தோம். அவள் புளியங்குளத்துக்காரி. "ஒருக்கா நேரிலை கதைச்சுப் பாப்பம். மனசுக்குப் பிடிச்சாத்தான் அம்மாட்டைச் சொல்லுவன்" என்று சொல்லியிருந்தாள். கிளிநொச்சியில் ஒரு கூல்பார், ஞாயிறு பின்னேரம் என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிறு காலையில்தானா எங்கள் வயலுக்கு நெல்லு வெட்டு மிசின் வரவேண்டும்? இந்தா வருகிறேன், அந்தா வருகிறேன் என்று ஏய்த்துக்கொண்டிருந்த மிசின். அது வந்துவிட்டால் மாப்பிள்ளையே ஆனாலும் வயலில் இறங்கத்தான் வேண்டும். மத்தியானம் வரை அப்பாவோடு நின்று மூட்டை கட்டினேன், ட்ரக்டர் பெட்டியில் ஏற்றினேன். பிறகு கிணற்றடியில் சவர்க்காரம் தேயத் தேயக் குளித்தேன். ஆனால் நெல்லுச் சுணை லேசில் போகிற சாமானா? கண்ணுக்குத் தெரியாமல் தோலில் ஒட்டியிருந்து, நேரம் போகப் போக அரிப்பெடுக்க வைத்து, ஆறுதலாக வேலையைக் காட்டும். நண்பனைப் பார்க்கக் கிளிநொச்சிக்குப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லி, சென்ட் அடித்து, புதுச் சேட்டோடு மோட்டார் சைக்கிளில் பறந்தேன்.

அவள் எனக்கு முன்னமே வந்திருந்தாள். ஐஸ்கிரீம் மேசைக்கு வந்த நேரம் கழுத்தில் சுணை கடிக்கத் தொடங்கியது. பிறகு முதுகு. கதிரையில் சாய்வதுபோல மெல்ல உரஞ்சினேன். மேசைக்குக் கீழே ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்தேன். அவள் கேட்டதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்றேன். என்ன கேட்டாள் என்று இன்றுவரை தெரியாது.

"உங்களுக்கு வேறை எங்கையும் போகோணுமோ?" என்றாள்.

"இல்லை, இல்லை" என்று நெளிந்தேன்.

சுணை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை. அவ்வளவு சென்ட் அடித்துவிட்டு, உடம்பு கடிக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். மடித்துக் கட்டிய சாரம், தலை முழுக்க வைக்கோல் தூசி.

"டேய், ட்ரக்டர் திறப்பையுமெல்லோ கொண்டு வந்திட்டாய்! மழை இருட்டிக்கொண்டு வருது, நெல்லு முழுக்க வயலுக்கை நிக்குது. எத்தினை தரம் போன் அடிக்கிறது? வாசல்லை உன்ரை மோட்டார் சைக்கிள் நிண்டபடியாத் தப்பிச்சன்."

மோட்டார் சைக்கிள் திறப்பும் ட்ரக்டர் திறப்பும் ஒரே சாவி வளையத்தில் இருந்தன. போனையோ மரியாதைக்காகச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். ட்ரக்டர் திறப்பைக் கழற்றிக் கொடுத்த கையோடு, என்னை அறியாமலே கழுத்தைச் சொறிந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அவளையும் பார்த்தார்.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. இவனுக்குச் சின்னனிலையிருந்தே சுணை ஒத்துவராது. தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு போ எண்டு தாய் படிச்சுப் படிச்சுச் சொன்னவா. மணக்கும் எண்டு பூசாமல் வந்திட்டார் துரை. ஏழாம் ஆண்டு படிக்குமட்டும், முதுகு சொறிஞ்சு விடுங்கோ எண்டு என்னட்டை வந்து அழுவான்."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அப்பா திறப்போடு ஓடிவிட்டார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப, சுணையே? நேரிலை கண்ட உடனை என்னைப் பிடிக்கேல்லையாக்கும், எப்ப எழும்பி ஓடுவம் எண்டு நெளியிறியள் எண்டெல்லோ நினைச்சனான். அடுத்த பஸ்ஸிலை போவம் எண்டு இருந்தன்."

அவள் கண் கலங்கியிருந்தது. என் மானத்தைக் காப்பாற்றுகிற அவதியில் நான் அவளுடைய முகத்தை ஒருமுறைகூட ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை. அப்பா சொன்னதை விட அதுதான் எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. இருந்தும் முதுகு என் வெட்கத்தைப் பொருட்படுத்தவில்லை, விடாமல் கடித்தது.

அவள் கைப்பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் இஞ்சாலை பாக்கிறன். நீங்கள் வடிவாச் சொறியுங்கோ."

புதுச் சேட்டுக்குள் கையை விட்டு, நாலு பேர் பார்க்கச் சொறிந்தேன்.

"முடிஞ்சுதோ?" என்றாள், திரும்பாமலே. "அம்மாட்டைச் சொல்லேக்கை இதையும் சொல்லோணுமோ?"