எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி

அரியலூரில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்தபோது, எதிர் அறையில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கால் நசுங்கி வந்தவர். புண்ணில் புகுந்த ஆஸ்பத்திரிக் கிருமி எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்கவில்லை. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்தும் தோற்றுவிட்டது. மற்றவர்களுக்குப் பரவிவிடக் கூடாதென்று அவரைத் தனியறையில் வைத்திருந்தார்கள்.

ஆறடி ஆள், அடர்ந்த மீசை. தினமும் டாக்டர் வருவதற்குள் தலைசீவி, பவுடர் பூசி, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போல உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் டாக்டர் அவர் அறை வாசலில் நின்று, "ரெண்டு மருந்தைச் சேத்துக் குடுத்துப் பாக்கறோம். அதுக்கும் கேக்கலைன்னா காலை எடுக்க வேண்டி வரும்" என்றார்.

"ஏத்தத்துல ஒத்த வண்டி இழுக்கலைன்னா பின்னால இன்னொரு வண்டிய வுட்டுத் தள்ளுறதுதானங்க? தள்ளுங்க சார்!" என்றார் டிரைவர். டாக்டர் சிரித்துவிட்டார்.

டாக்டர் போனதும், என் அறை வாசலில் நின்றபடியே, "பயமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"பயம்தாங்க. ஆனா நான் மூஞ்சியத் தொங்கப் போட்டா, டாக்டரு வைத்தியத்த வுட்டுட்டு எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சிருவாரு. ஆறுதல வச்சு கிருமியக் கொல்ல முடியுங்களா?"

நான் வீடு திரும்பி, சில வாரம் கழித்துத் தையலைக் காட்டப் போனபோது, அவர் ஊன்றுகோலோடு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். இரண்டு மருந்தும் சேர்ந்து காலைக் காப்பாற்றிவிட்டன. நர்ஸ்களிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்காத நேரத்தில் அந்த அறைக்குள் அவர் எப்படி இருந்திருப்பார் என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.