லெந்து நாட்களில் ஹில்டா அத்தை விட்ட மாத்திரை

"எதிர்ப்பு சக்தியக் குறைக்கிற மாத்திரைய எதுக்குளா தினம் முழுங்கணும்?"

ஹில்டா அத்தை இப்படிக் கேட்டபோது எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இன்டரில், அதாவது பிளஸ் டூவில், உயிரியல் படித்தவள் என்றுதான் என்னிடம் கேட்டார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறார்கள்; பேச்சில் இந்த ஊர் உருது கலக்கும். பேகம்பேட்டில் அலுவலக வேலை, ஞாயிறு தோறும் பாடகர் குழு. ஆறு வருடமாக லூபஸ் என்ற நோய். மூட்டு வீங்கும், கன்னம் சிவக்கும். மாத்திரையில் அடங்கியிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து தொடங்கியதும் சபையில் ஆளுக்கொன்றை விட்டார்கள்: கறி, டீ, சீரியல்.

"நான் மாத்திரைய விடுதேன். அண்ணன்ட்ட சொல்லாத."

"சொல்லமாட்டேன். விட்டுப் பாருங்க அத்தை. அடிக்கடி சளி பிடிக்காமலாவது இருக்கும்."

"ஹவ், ஆமா. நீயாவது புரிஞ்சுக்கிட்டியே."

நான்காவது வாரம் கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"நக்கோ, வேண்டாம். ஈஸ்டர் முடியட்டும். பாதியில முறிச்சா அது என்ன பொருத்தனை?"

வாக்குக் கொடுத்திருந்ததால் அப்பாவிடம் சொல்லவில்லை. பெரிய வெள்ளி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காவதற்குப் பாட எழுந்த அத்தை, மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹர்ஷிதா. அடித்தது அத்தையின் எதிர்ப்பு சக்தியேதான். அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இது. கிருமியோடு சண்டை போடும் டி செல்கள் நெஞ்சுக்குள் தைமஸ் என்ற சுரப்பியில் முதிர்கின்றன. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே அழிந்துவிடும். சில தப்பி வெளியே வரும், எல்லோருக்கும் அப்படித்தான். அவற்றை அடக்கிவைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று தனியாக இருக்கின்றன. லூபஸில் அந்த அடக்கம் சரியாக நடப்பதில்லை. அதனால் மாத்திரை கொடுத்து அடக்குகிறார்கள்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"யாருமில்ல டாக்டர், நானேதான்" என்று அத்தை முந்திக்கொண்டார்கள். பக்கத்தில் அப்பா நின்றார். 'விட்டுப் பாருங்க' என்றது நான்தான் என்று அப்பாவிடம் மறுநாள்தான் சொன்னேன். அப்பா இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

இப்போது ஊசியும் மாத்திரையுமாக மருந்து அதிகம் போகிறது. சிறுநீரகம் எவ்வளவு தேறும் என்று சில மாதம் கழித்துத்தான் தெரியுமாம். எங்கள் சபையில் இன்னும் இரண்டு பேருக்கு இதே வகை மாத்திரை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வருகிறது; அன்றைக்கு அவர்களும் மாத்திரையை விட்டுவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது.

"எல்லாத்தையும் எழுதுளா. என் பேரையும் போடு. கைக்கு, எதுக்கு மறைக்கணும்?" என்றார்கள் அத்தை.

பெயரோடு எழுதிவிட்டேன். இப்படி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். தமிழ் வாசிக்க வராதவர்களுக்கு நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்.