அய்யாக்கண்ணு தீவுவாசியான மூன்று நாள்

பினாங்கு துறைமுகத்தில் அய்யாக்கண்ணுவின் வேலை கையால் பேசுவது. கப்பல் தளத்தின் விளிம்பில் நிற்பார். கீழே சரக்கு ஏற்றும் தொங்காங் படகு, தலைக்கு மேலே பளுதூக்கியான விஞ்சில் தொங்கும் மூட்டைகள். விஞ்சை ஓட்டுகிறவருக்குப் படகு தெரியாது. இவர் கைதான் தெரியும். உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை மெல்ல அசைத்தால் இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. பத்தொன்பது வருடப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோறு போடும்போது வாயைத் திறக்க மாட்டார். விரல்கள் அசையும், பிறகு முஷ்டி மூடும்.

"நான் என்ன விஞ்சா?" என்பாள் மனைவி ருக்குமணி.

வாயைத் திறந்தால் வேறு தொல்லை. கப்பலைவிட நீளமான சுறாவைப் பார்த்ததாகச் சொன்னவர் அவர். ஒரு கிரேக்கக் கேப்டன் தன்னைக் கேட்டுத்தான் நங்கூரம் எடுத்தார் என்றும் சொன்னவர். ஆகவே எழுபத்து நான்காம் ஆண்டு, முதுகெல்லாம் வெந்துபோய் வீட்டுக்கு வந்து, "மூணு நாளா டிவி நாடகத்துல நடிச்சேன்" என்றபோது ருக்குமணி குழம்புச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தக் கள்ளுக்கடையில எடுத்தாங்க?"

உண்மையாகவே நடித்திருந்தார். பத்து ஃபிரிங்கி என்ற கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் ஒரு தொடர் எடுத்தார்கள். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவர்கள், புதையல், முதலை என்று வாராவாரம் ஓடும் கதை. தீவுவாசிகளாக நிற்க முப்பது ஆள் வேண்டுமாம். அய்யாக்கண்ணு தனக்குக் காய்ச்சல் என்று துறைமுக மேஸ்திரியான மண்டோர் பழனியப்பனுக்குச் சொல்லியனுப்பிவிட்டு ஓலைப் பாவாடை கட்டிக்கொண்டார்.

மண்டோருக்கு முகம் தெரியக் கூடாது. ருக்குமணிக்கு ஆள் தெரிய வேண்டும். அதற்கும் வழி வைத்திருந்தார். திருநீற்றைக் குழைத்து முதுகில் மூன்று பட்டை இழுத்துக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டியே நின்றார்.

டைரக்டர் வந்து அந்த முதுகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "குட்" என்றார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முப்பது முதுகிலும் வெள்ளைச் சாயத்தில் மூன்று பட்டை. ஹோட்டல் வெயிட்டர்கள், வலை இழுப்பவர்கள், சீன மீன்காரர் என்று ஒருவர் பாக்கியில்லை. பத்து ஃபிரிங்கியில் சிவபக்தி அன்றுபோல் என்றும் பெருகியதில்லை.

தொடர் இங்கே வர இரண்டு வருடம் ஆனது. அதுவரை ருக்குமணிக்கு வசதி. பல் வலிக்கிறது என்று அவர் சொன்னாலும், "அதையும் டிவியில பாத்துக்கறேன்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அது வந்தது. அடுத்த வீட்டு ஹமீதா அக்காவின் கறுப்பு வெள்ளை டிவிப் பெட்டியில் முப்பது முதுகுகள் வரிசையாக நின்றன.

"இதுல நீங்க எது?" என்றாள் ருக்குமணி.

அய்யாக்கண்ணு குனிந்து பார்த்தார். தன் முதுகை அவர் எப்போது பார்த்தார்? "இடப்பக்கம், மூணாவது" என்றார்.

"அது நம்ம பாசார் மீன்காரர் லா. அந்தக் கூனல் எனக்குத் தெரியாதா?" என்றார் ஹமீதா அக்கா.

ருக்குமணி எழுந்துகொள்ளப் போனாள்.

பெட்டியில், பாறை உச்சியிலிருந்து புதையல் பெட்டகத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். பெட்டகம் ஆடியது. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு தீவுவாசியின் கை மேலே எழுந்தது. உள்ளங்கை கவிழ்ந்தது. விரல்கள் மெல்ல அசைந்தன. பெட்டகம் மணலைத் தொட்டதும் முஷ்டி மூடியது. கை அப்படிப் போனது அய்யாக்கண்ணுவுக்கே நினைவில்லை.

"ஐயோ, சோறு போதும்னு சொல்றாரே" என்று ருக்குமணி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "அக்கா, அது எங்க வீட்டு ஆளு."

அன்றைக்கு அவருக்கு வறுத்த மீனில் நடுத்துண்டு கிடைத்தது.

மண்டோர் வீட்டிலும் டிவி உண்டு.

மறுநாள் காலை முதல் மூட்டைக்கட்டு பாதி இறங்கியபோது, தொங்காங்கில் நின்ற பழனியப்பன் நிமிர்ந்து முஷ்டியைக் காட்டினார். அய்யாக்கண்ணு அதையே விஞ்சுக்காரருக்குக் காட்ட, மூட்டைகள் அந்தரத்தில் நின்றன.

"அய்யாக்கண்ணு, அந்தக் காய்ச்சல் இப்ப எப்படி இருக்கு?"

அய்யாக்கண்ணுவின் உள்ளங்கை தானாகக் கவிழ்ந்தது. விரல்கள் மெல்ல அசைந்தன.

"இறங்கிக்கிட்டே இருக்குண்ணே."

விஞ்சுக்காரர் கையைப் பார்த்து மூட்டைகளை இறக்கினார். மண்டோர்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.