கண்ட்ரோல் பாத்தி

எனக்கு வயசு எழுபத்தாறு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். வயிற்றில் சுமந்தது நாலு. கொழுந்தன் பெண்சாதி போய்ச் சேர்ந்தபோது என் இடுப்புக்கு வந்தது ரெண்டு. இதில் எது பெற்றது, எது வளர்த்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. பாபநாசத்துக்குத் தெற்கே எட்டு மா நிலம், பட்டா என் பேரில். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் போக, ஒரு போகம்கூட நான் தரிசு போட்டதில்லை. நாற்பது வயசுக்கு மேல்தான் முதியோர் பள்ளியில் எழுத்துக் கற்றேன். சின்ன ர, பெரிய ற தகராறு இன்னும் தீரவில்லை. அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர்கள் வேறே ஏதாவது படித்துக்கொள்ளலாம்.

இந்த வயசில் பென்சிலைத் தொட்டது ஆசையில் இல்லை, ஆத்திரத்தில்.

மூன்று வருஷத்துக்கு முந்தி, சம்பா நடவு நேரத்தில், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் காரில் வந்தார். கூடவே ஒரு பெண். அவரிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறவள். திருத்துறைப்பூண்டிப் பக்கம், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்று சொன்னாள். களையைக் கையால் எடுத்தால் என்ன விளைகிறது, தள்ளுகிற கருவியால் எடுத்தால் என்ன, மருந்து அடித்தால் என்ன, இதுதான் அவள் ஆராய்ச்சி.

"ஒரு மூலை போதும்மா, பன்னெண்டு பாத்தி. நீங்க தண்ணி மட்டும் பாத்துக்குங்க. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றார் பேராசிரியர். நாலு பக்கம் இங்கிலீஷ் காகிதத்தை நீட்டிவிட்டு, பையிலிருந்து மை டப்பாவை எடுத்தார்.

"பேனாவைக் குடுங்க" என்றேன்.

என் பேர் முழுசாகக் காகிதத்தில் இறங்குகிற வரைக்கும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட மிதப்பில் நானும் கேட்கவில்லை. அதில் என் பங்கும் உண்டு, ஒளிக்கவில்லை.

வாரத்துக்கு ஒரு தடவை விடுதியிலிருந்து அந்தப் பெண் பஸ் ஏறி வருவாள். மோட்டார் கொட்டகைக்குள் போய்ப் பழைய சுடிதாரை மாற்றிக்கொண்டு வயலில் இறங்குவாள். விடுதிச் சாம்பாரைத் திட்டிக்கொண்டே என் வீட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிடுவாள். என் பேத்தி கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்பாயி என்றே கூப்பிட ஆரம்பித்தாள். நல்ல உழைப்பாளி. ஆனால் ஒன்று மட்டும் என் கண்ணை உறுத்தியது. பன்னிரண்டில் மூன்று பாத்தியில் கோரையும் ஆரைக்கீரையும் மண்டிக் கிடந்தன. அவள் சதுரமாக ஒரு கம்பியைப் போடுவாள், அதற்குள் இருக்கிற களையை மட்டும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். மிச்சம் அப்படியே நிற்கும்.

"ஏன் தங்கம், இந்த மூணை மட்டும் ஏன் இப்படி விட்டு வச்சிருக்கே?"

"அது கண்ட்ரோல் அப்பாயி" என்றாள். அதற்குள் போன் அடித்தது, பேசிக்கொண்டே போய்விட்டாள்.

கண்ட்ரோல் என்கிற வார்த்தை எனக்குத் தெரியாததா? என் அம்மா காலத்தில் ரேஷன் அரிசிக்குக் கண்ட்ரோல் அரிசி என்றுதான் பேர். என் மருமகள் தனக்குச் சர்க்கரை கண்ட்ரோலில் இருக்கிறது என்பாள். வாயைக் கண்ட்ரோல் பண்ணுடா என்று பிள்ளைகளை அதட்டாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. ஆக, களையைக் கண்ட்ரோல் பண்ணுகிற பாத்தி அது, பாவம், ஒற்றை ஆளாக அவளால் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பார்கள்?

கார்த்திகையில் ஒரு நாள், "நாளைக்கு எங்க காலேஜ் பிள்ளைங்க ரெண்டு பஸ்ல வர்றாங்க அப்பாயி, சார் வயல்லயே பாடம் நடத்தப்போறார்" என்று அவள் போனில் சொன்னாள். அன்று சாயங்காலமே பக்கத்து வயல்காரி வரப்பில் நின்று, "என்னக்கா, இந்த வருஷம் கோரைச் சாகுபடியா? பாய் பின்னப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

விடியக்காலையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். விருந்தாளி வருகிறபோது வாசலைக் கூட்டாமல் விடுகிறவள் நான் இல்லை. எட்டு மணிக்குள் மூன்று பாத்தியும் துடைத்துவிட்டது மாதிரி ஆயின. இடுப்பு ஒடிந்துபோனது. ஒடிந்தாலும் மனசு நிறைந்திருந்தது.

பஸ் வந்தது. பந்தல், மைக், "வயலே வகுப்பறை" என்று பெரிய பேனர். இந்தப் புது முறைக்காக அந்தப் பேராசிரியருக்குப் பல்கலைக்கழகத்தில் நல்ல பேர் என்றார்கள். வெள்ளை ஷூ போட்ட பிள்ளைகள் வரப்பில் நடக்கத் தெரியாமல் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிடுவதற்கு முன்னால் நாலு பேர் படம் எடுத்தார்கள். நான் எல்லாருக்கும் நீர்மோர் கொடுத்தேன். ஒவ்வொரு பாத்திக் குச்சியிலும் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி வைத்த காகிதம் ஒட்டியிருந்தது. அதற்கு நேரே போனைக் காட்டினால் அந்தப் பாத்தியின் ஜாதகமே வந்துவிடுமாம்.

பேராசிரியர் மைக்கைப் பிடித்து, பிள்ளைகளைப் பார்த்தபடியே பின்பக்கம் கையைக் காட்டினார். "களையே எடுக்காம விட்டா நெல் என்ன கதியாகும்? இதோ, இந்தப் பாத்தியைப் பாருங்க."

பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு பையன் போனைக் காட்டிவிட்டு, "சார், களை எடுக்காத பாத்தின்னுதான் வருது. ஆனா பாத்தி மழிச்ச மூஞ்சி மாதிரி இருக்கே சார்!" என்றான். பந்தலே சிரித்தது.

"யார் எடுத்தது?"

"நான்தான்" என்றேன். எழுந்து நின்று சொன்னேன்.

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு என்னவோ தப்பாகிவிட்டது என்று பட்டது. கிட்ட வந்து மெல்லக் கேட்டாள். "பிடுங்கின களையையாவது வச்சிருக்கீங்களா அப்பாயி? எடை போட்டுக்கறேன்."

"அடுத்த வீட்டு மாடு தின்னுடுச்சே தங்கம்."

பேராசிரியர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. "மாணவர்களே, படிப்பறிவு இல்லாதவங்களை வச்சு ஆராய்ச்சி பண்றது எவ்வளவு சிரமம்னு இன்னைக்கு நேராவே பாத்துட்டீங்க. இதுவும் ஒரு பாடம்தான்" என்றார். என் வரப்பில் நின்றுகொண்டு, என் மோரைக் குடித்துவிட்டு.

மோர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது. எதற்காகக் களையை விட்டிருக்கிறோம் என்று குச்சிக்குச் சொல்லியிருக்கிறார்கள், குச்சி போனுக்குச் சொல்கிறது, போன் ரெண்டு பஸ் பிள்ளைகளுக்குச் சொல்கிறது. நிலத்துக்காரிக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவள் வந்தாள். வயலில் இறங்கவில்லை. மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

"வேற ஊர்ல எடுத்த பழைய கணக்கு ஒண்ணு இருக்காம் அப்பாயி. அதை இந்த மூணு பாத்திக்கும் போட்டு முடிச்சுடுன்னு சார் சொல்றார்."

"களை எடுத்த பாத்தியிலே களை இருந்ததுன்னா?"

"ஆமா."

"மாட்டேன்னு சொல்லு."

"சொன்னா இந்த ஆராய்ச்சியே செல்லாது. இன்னொரு போகம் பண்ணணும். நாள் நீட்டிக் கேக்கணும், அதுக்கும் அவர் கையெழுத்துதான் வேணும். வீட்டிலே தையிலே கல்யாணம்னு நிக்கிறாங்க."

அவளுடைய நாலு வருஷப் படிப்பு என் ஒரு காலை வேலையால் பொய்யில் முடியப்போகிறது என்று புரிந்தது. இன்னொரு கோபமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். களையே இல்லாத என் வயலில் களை மண்டிக் கிடந்ததாக ஒரு புத்தகத்தில் ஏறி, காலத்துக்கும் நிற்குமா?

மறுநாள் ரெண்டு பஸ் மாறி அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பேராசிரியர் அறையில் சுவர் தெரியாமல் கேடயம். சிறந்த ஆராய்ச்சி, சிறந்த ஆசிரியர் என்று நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்தப் பெண் வாசல் பக்கம் சுவரோடு சுவராக நின்றாள்.

"வாங்கம்மா, உக்காருங்க. டீ சொல்லவா?"

"டீ குடிக்க வரலைங்க. கண்ட்ரோல்னா என்னன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணுமே செய்யாம விடற பாத்திம்மா. அதோட ஒப்பிட்டாத்தான் மத்த பாத்தியிலே நாம செஞ்சது எவ்வளவு பலன்னு தெரியும்."

"இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இவ்வளவு நேரம்தானே ஆகியிருக்கும், அன்னைக்கு வரப்புலே சொல்லியிருந்தா? படிப்பறிவு இல்லாதவன்னு மைக்கிலே சொன்னீங்க. சரி, இல்லை. ஆனா பிடுங்கினதைப் பிடுங்கலைன்னு எழுதறதுக்கு ஒரு படிப்பு இருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

அவர் வாசல் பக்கம் அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருக்கும்மா. மறுபடி பண்ணணும்னா நிலம் வேணும், நாள் வேணும். யார் குடுப்பா?"

"நிலம் நான் தர்றேன். குறுவைக்கு இறங்கட்டும். நாள் நீங்க குடுங்க."

"களையிலே கை வைக்க மாட்டீங்களே?"

நான் நடவு ஆளாகப் பத்து வயசில் சேற்றில் இறங்கினவள். களையைக் கண்டால் கை தானாகப் போகும். ஊரே பார்க்கிற இடத்தில், ரோட்டை ஒட்டின மூலையில், அறுப்பு வரைக்கும் கோரையை நிற்கவிடுவதா? வாசலில் நின்றவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைக்க மாட்டேன்" என்றேன்.

அந்தக் குறுவை போல ஒரு போகம் எனக்கு வாய்த்ததில்லை. பழைய இடத்திலேயே பன்னிரண்டு பாத்தி. மூன்றில் களை என் முழங்காலைத் தாண்டி வளர்ந்தது. "அக்காவுக்குக் கை விழுந்துபோச்சா?" என்றாள் பக்கத்து வயல்காரி. உரக்கடைக்காரர், "ஆச்சி, ஆள் கிடைக்கலைன்னா சொல்லுங்க, அனுப்பறேன்" என்றார். துபாயிலிருந்து பெரியவன் போனில் வயலைக் காட்டச் சொன்னான். காட்டினேன். "என்னம்மா இது, அசிங்கமா!" என்றான். "ஆராய்ச்சிடா, வாயை மூடு" என்றேன். தண்ணீர் பார்க்கப் போனால் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அந்த வரப்பில் நடப்பேன். ஒரு நாள் ஒரே ஒரு கோரையைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கினது கையில் இருந்தபோதே அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க அப்பாயி, வந்து எடை போட்டுச் சேத்துக்கறேன்" என்று சிரித்தாள்.

அதற்கு முந்தின தையில் நடக்க வேண்டிய கல்யாணம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். என்னால்தானே என்று நான் குமைந்தபோது, "ஒரு போகம் பொறுக்காதவங்களோட எத்தனை போகம் ஓட்டறது அப்பாயி?" என்றாள். சொல்லும்போது குரல் அவ்வளவு சரியாக இல்லை.

புரட்டாசியில் அறுத்தோம். அந்த மூன்று பாத்தியின் நெல்லையும் அவள் தனித்தனிச் சாக்கில் கட்டினபோது, சாக்கு நிற்கக்கூட மாட்டாமல் சாய்ந்தது. எனக்குப் பார்க்கவே கூசியது. அவள் ஒவ்வொன்றாக எடை போட்டு நோட்டில் எழுதினாள். எல்லாம் உள்ளது உள்ளபடி.

போன வருஷம் அவளைக் கேள்வி கேட்டுப் பட்டம் கொடுக்கிற கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டாள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாமாம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இங்கிலீஷும் தமிழுமாக ஓடியது. வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், ஒரே சோதனையை ஏன் ரெண்டு தடவை செய்தாய் என்று கேட்டார்.

அவள் தமிழிலேயே சொன்னாள். "முதல் போகத்துல நிலத்துக்காரங்க களை எடுத்துட்டாங்க சார். தப்பு அவங்களது இல்லை. எதுக்காக விட்டிருக்கோம்னு நாங்க அவங்ககிட்ட சொல்லலை. புத்தகத்திலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

பேராசிரியர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியை எடுத்துவிடு என்று அவர் ரெண்டு தடவை சொன்னதாகவும், அவள் எடுக்கவில்லை என்றும் பிற்பாடு சொன்னாள். பெரியவர் தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார். சாயங்காலம் அவள் டாக்டர் ஆகிவிட்டாள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். போன மாசம் அவளே ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, கோபப்படக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு காட்டினாள். பல்கலைக்கழகம் அச்சடித்த வழவழப் புத்தகம். "வயலே வகுப்பறை"க்காகப் பேராசிரியருக்கு விருது. என் வயல், என் வரப்பு, மோர் குடிக்கிற பிள்ளைகள் எல்லாம் கலரில் இருக்கிறது. கீழே, ஒரு விவசாயியின் அறியாமையால் ஒரு பருவம் வீணானபோதும் பேராசிரியரின் விடாமுயற்சியால் ஆராய்ச்சி வெற்றி பெற்றது என்று போட்டிருக்கிறது.

சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை.

அறியாமையாம். தெரியாமல் இருந்தது நிஜம், அதை நானே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டவருக்கு என்ன பேர்? அதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வார்த்தை இல்லை. பொய்க் கணக்குப் போடச் சொன்னதற்கும் இல்லை, மாட்டேன் என்று நின்றவளுக்கும் இல்லை. விடாமுயற்சி என்று போட்டிருக்கிறார்களே, அந்தக் குறுவை முழுக்க முதுகில் கையைக் கட்டிக்கொண்டு நடந்தது யார்?

அவர்களுடைய அடுத்த புத்தகத்தில் போடச் சொல்லி இதை அனுப்பப்போகிறேன். போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள். எழுதி முடிக்கப் பதினோரு நாள் ஆனது, ரெண்டு பென்சில் தீர்ந்தது.

அடியே பேத்தி, அந்தப் போனைக் கீழே வைத்துவிட்டு இங்கே வா. ர, ற மட்டும் திருத்து. மற்றதில் கை வைக்காதே, கோபமாக எழுதியிருக்கிற இடத்தை நைசாக மாற்றிவிடலாம் என்றும் பார்க்காதே. உட்கார். முதல் வரியிலிருந்து சத்தமாகப் படி, நான் கேட்கிறேன்.