சிவப்புப் பூ வந்த பிறகும்

எங்கள் குலதெய்வக் கோயிலில் எந்தக் காரியத்துக்கும் முதலில் பூக்கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். என் கல்யாணத்துக்கு வெள்ளை வந்தது. நாங்கள் அமெரிக்கா வருவதற்கும் வெள்ளை வந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். பூ சொன்னதைச் செய்தே நாற்பத்து நான்கு வயது ஆகிவிட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

போன வருஷம் நான் சைக்கிள் ஓட்டுவதற்குச் சிவப்பு வந்தது.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவில், அபார்ட்மென்டுக்கு வெளியே வந்தால் வண்டிகள் சீறிக்கொண்டு போகும் பெரிய ரோடு. எனக்குக் கார் ஓட்ட வராது. இரண்டு தடவை டெஸ்டுக்குப் போய், இரண்டு தடவையும் தேறாமல் திரும்பி வந்தேன். மான்மவுத் ஜங்ஷன் பக்கம் இருக்கும் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போகவேண்டும் என்றால் யாராவது கூட்டிப்போகவேண்டும். எத்தனை நாள்தான் ஒருத்தர் தயவை எதிர்பார்ப்பது? பக்கத்து பில்டிங்கில் காலி பண்ணிக்கொண்டு போனவர்கள் ஒரு பழைய சைக்கிளைக் குப்பைத் தொட்டி ஓரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, பெரிய ரோட்டைத் தொடாமல் சோளக்காட்டு ஓரமாகவே கோயிலுக்குப் போகும் வழியை நானே கண்டுபிடித்தேன். போக ஆறு மைல், வர ஆறு மைல். நான்கு வருஷமாக, பனி கொட்டும் வாரம் தவிர, எல்லா வெள்ளிக்கிழமையும் போனேன்.

என் வீட்டுக்காரரும் சைக்கிள் ஓட்டுவார். அது வேறு கதை. அவரும் மூன்று நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளிப்பச்சைச் சட்டையும் பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூவுமாகக் கிளம்புவார்கள். மயோர்க்கா என்று ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான ஒரு தீவு. வண்டி அதிகம் வராத சின்னச் சின்ன ரோடுகள் அங்கே தோட்டங்களுக்கு நடுவே ஓடுகின்றன என்று, இரண்டு வருஷம் தொடர்ந்து போய்விட்டு வந்தார்கள். போன வருஷம் பிள்ளைகளின் ஸ்பிரிங் பிரேக் லீவில் குடும்பத்தோடு போவது என்று முடிவானது. ஆம்பளைகள் சைக்கிளில் மலை ஏறுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் புளிச்சோறு கட்டிக்கொண்டு வேனில் பின்னால் வருவார்கள். அதுதான் திட்டம்.

நானும் சைக்கிளில் வருகிறேன் என்று சொன்னேன். முதலில் சிரித்தார். ஊரில் இருக்கும் அவருடைய அம்மாவிடம் வீடியோ காலில் ஒரு தமாஷ் மாதிரி அதைச் சொன்னார். அத்தை சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போய்ப் பூக்கேட்டுவிட்டு எனக்கு போன் பண்ணினார். "செவப்பு வந்துருச்சு கண்ணு. நீ வேன்லயே போ."

வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் நான் இழுத்தால்தான் கோயிலுக்கு வருகிற மனுஷனுக்கு அன்றைக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. சாமியே சொல்லியாச்சு, இனி பேச என்ன இருக்கிறது என்றார்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பூவை நான் நம்புகிறவள். இன்றைக்கும் நம்புகிறேன். ஆசையை அடக்கிக்கொள் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் பயணத்துக்குப் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தேன். கரண்டி கையில் இருக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன்.

"ஏனுங்க, போன வருஷம் போனீங்க. அதுக்கு முந்தின வருஷமும் போனீங்க. உங்களுக்கு யாரு பூக்கேட்டா?"

"அது வேற."

"என்ன வேற?"

"நாங்க ட்ரெய்னிங் பண்ணிட்டுப் போறோம்."

"வாரம் பன்னெண்டு மைல் நான் கோயிலுக்குப் போறது என்னவாம்?"

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். எங்கள் மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஜஸ்ட் கோ, அம்மா" என்றாள்.

அன்றைக்கு விளக்கேற்றும்போது அம்மனிடம் சொன்னேன். தாயே, நீ சொன்னதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் என்னைப் பற்றி உன்னிடம் கேட்டவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் போகிறேன். தப்பு என்றால் என்னைத் தண்டி, என் பிள்ளையை விட்டுவிடு.

இப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, விமானம் ஏறும்போது பயமாகத்தான் இருந்தது. செத்துப்போவேன் என்ற பயம் இல்லை. முழங்கையில் ஒரு கீறல் விழுந்தாலும் போதும், அது அம்மன் சொன்னது பலித்ததாக ஆகிவிடும். பிறகு ஆயுசுக்கும் எதற்கும் நான் வாயைத் திறக்க முடியாது. அந்தப் பயம்தான்.

தீவில் இறங்கிய மறுநாள் காலையில் கிளம்பினோம். வாடகைச் சைக்கிள் கடைக்காரர் என் சுடிதாரைப் பார்த்துவிட்டு பேண்ட் கால்களை இறுக்க இரண்டு ரப்பர் பட்டை கொடுத்தார். தாலியை உள்ளே போட்டு, திருநீறு பூசி, அதன்மேல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டேன். ஊர் எல்லை ரவுண்டானாவிலேயே என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர், பெடலிலிருந்து ஷூ கழலாமல், நின்ற இடத்திலேயே பொத்தென்று சாய்ந்தார். முழங்கையில் ரத்தம். எல்லோரும் சிரித்து போட்டோ எடுத்தார்கள். அவரும் சிரித்தார். அதை நான் மனசில் குறித்துக்கொண்டேன்.

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் காரை பூசாமல் அடுக்கிய கல்சுவர், இடுப்பு உயரம். சுவருக்கு அந்தப் பக்கம் செம்மண்ணில் பாதாம் மரங்கள், பச்சைக் காய் பிடித்து நின்றன. மரத்தடியில் ஆடுகள். அவற்றின் கழுத்துமணிச் சத்தம் ஆட்டைக் காண்பதற்கு முன்பே வந்துவிடும். இறக்கை ஒடிந்த காற்றாலைகள், அப்புறம் திராட்சைத் தோட்டம், அப்புறம் ஆரஞ்சு வாசனை. ஒரு டிராக்டர்காரர் எனக்கு வழிவிட்டு ஓரமாக நிறுத்தி, நான் தாண்டும்வரை காத்திருந்தார். எனக்காக ஒரு வண்டி காத்திருந்தது அன்றைக்குத்தான். சமதரையில் நால்வரும் என்னைத் தாண்டிப் பறந்தார்கள். மலை ஆரம்பித்ததும் மூச்சு வாங்கி ஒவ்வொருவராக நின்றார்கள். நான் நிற்கவில்லை. சின்ன கியரில், சொல்லத் தெரிந்த போற்றியைச் சொல்லிக்கொண்டே மிதித்தேன்.

பாதி மலையில், ஒலிவ மரங்கள் முடிந்து பைன் மரங்கள் தொடங்கும் வளைவில், காய்ந்த இலைக்குப்பையில் முன்சக்கரம் சறுக்கியது. விழுந்தேன். வலது முழங்காலில் சுடிதார் கிழிந்து, தோல் உரிந்து, ரத்தம் வந்தது.

என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் சிவப்புப் பூ எழுதியிருந்தது. பின்னாலேயே வேன் வந்து நின்றது. ரவுண்டானாவில் விழுந்தாரே, அந்த நண்பரும் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். "உங்க அத்தை பூக்கேட்டு வேணாம்னாங்களாமே. ஏறிக்குங்க சிஸ்டர், எதுக்கு வம்பு?"

என் வீட்டுக்காரர் ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறார்!

"உங்களுக்கும் காலைல ரத்தம் வந்துச்சே அண்ணா. உங்க சாமி என்ன சொல்லுச்சு?"

அவர் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டார். வேனுக்குள்ளிருந்து அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. பாட்டில் தண்ணீரில் காலைக் கழுவி, பைக்குள் இருந்த திருநீற்றை எடுத்து நெற்றியில் மறுபடி பூசி, மகள் நீட்டிய பேண்ட்எய்டை ஒட்டிக்கொண்டேன். சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். தாயே, கோபம் என்றால் இறங்கிப் போனதும் காட்டு, இப்போது மேலே விடு என்று கேட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னாலேயே வந்தார். தாண்ட முடியவில்லையா, தாண்டவில்லையா என்று இதுவரை நான் கேட்கவில்லை.

மலை உச்சியில் ஒரு சின்ன மாதா கோயில். ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போய்க் கும்பிட்டேன். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். வெளியே வந்ததும் அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் சாயங்காலம் ஆகியிருந்தது. காலைக் காட்டாதே என்று என் வீட்டுக்காரர் சைகை செய்தார். நான் போனைத் தாழ்த்தி முதலில் காலைத்தான் காட்டினேன்.

"உளுந்துட்டியா?" அத்தை போனைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டார். "நாந்தான் சொன்னனே கண்ணு."

"சொன்னீங்க அத்தை. உளுந்தேன். எந்திரிச்சு மேல வந்துட்டேன்."

அத்தை போனைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"மேல என்ன இருக்குது?"

"சாமிதான் இருக்குது. மாதா. கையில கொழந்தை."

"கும்புட்டயா?"

"கும்புட்டேன்."

"சரி. எறங்கறப்பப் பின்பிரேக்கைப் புடி. முன்னதைப் புடிச்சயின்னா தூக்கிப் போட்டுரும்."

அத்தை சைக்கிள் ஓட்டுவார் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. அவர் மகனுக்கும் தெரியவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். அப்புறம் ஒன்றும் ஆகவில்லை. முழங்காலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அம்மன் போட்டதா, இலைக்குப்பை போட்டதா, எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை இங்கே கோயிலில் அம்மன் சந்நிதியில் நிற்கும்போது அதை நான் மறைப்பதில்லை.

இந்த வருஷமும் போவதாகப் பேச்சு எழுந்தது. பூக்கேட்கட்டுமா என்று அத்தை கேட்டார்.

"கேளுங்க அத்தை. ஆனா கேட்டா அஞ்சு பேருக்கும் கேளுங்க. யாருக்குச் செவப்பு வந்தாலும் அவங்க புளிச்சோத்தோட வேன்ல வரட்டும்."

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதெல்லாம் எதுக்கு, டிக்கெட் போட்டாச்சு என்றார். எனக்கும் சேர்த்துச் சைக்கிள் வாடகைக்குச் சொல்லியிருக்கிறார்.