ஐந்து பேர் நின்றார்கள், ஒருவன் நிற்கவில்லை

1. விசிலுக்குப் பிறகு

விசில் ஊதினேன். ஐந்து பேர் நின்றார்கள். ஒருவன் நிற்கவில்லை.

கல்முனையில் ஒரு பாடசாலையின் சீமெந்துக் கோர்ட். அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கிய மூவர் கூடைப்பந்துப் போட்டி. இந்த ஆட்டத்துக்குப் பாதிக் கோர்ட்டும் ஒரு ரிங்கும் போதும். பக்கத்துக்கு மூன்று பேர். பத்து நிமிடம், அல்லது யார் முதலில் இருபத்தொரு புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. சங்கம், பதிவு என்று எதுவும் கிடையாது. வட்சப்பில் செய்தி போகும், டீம்கள் வந்து சேரும். நடுவர் வேண்டுமென்றால் சாய்ந்தமருதில் என்னையும் காரைதீவில் குணாவையும் கூப்பிடுவார்கள். நான் அலுவலகத்தில் லிகிதர், குணா கணித ஆசிரியர். சனி ஞாயிறுகளில் இருவரும் விசில்காரர்கள்.

அன்று கல்முனைக்குடி டீமின் தலைவன் அஸ்மி பந்தோடு எல்லைக் கோட்டை மிதித்தான். நான் விசில் ஊதுவதற்குள் பந்து அவன் கையைவிட்டு அவனுடைய டீமின் ரிஸ்வானிடம் போய்விட்டது. காரைதீவு டீமின் சுரேன் விசில் கேட்டவுடன் கைகளைத் தொங்கவிட்டு ரிங்குக்குக் கீழே நின்றான். ரிஸ்வான் நிற்காமல் ஓடி வந்து பாய்ந்தான். அவனுடைய முழங்கை சுரேனின் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்து, உதடு கிழிந்து, சேர்ட் முழுக்க இரத்தம்.

காரைதீவிலிருந்து வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கல்முனைக்குடிப் பக்கமும் எழுந்து நின்றது. ஒன்று தமிழ் ஊர், மற்றது முஸ்லிம் ஊர்; இரண்டுக்கும் நடுவே எப்போது எது பற்றும் என்று யாருக்கும் தெரியாது. எனக்குப் பயம் வந்தது. பயம் வந்த நடுவர் செய்வதைத்தான் நானும் செய்தேன், சத்தம் போட்டேன்.

"விசில் ஊதினது கேக்கல்லயா உனக்கு?"

ரிஸ்வான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பதில் இல்லை. அதைத் திமிர் என்று எடுத்தேன். கையை நீட்டி அவனை வெளியேற்றினேன். அவன் துவாயை எடுத்துக்கொண்டு ஒருவரையும் பார்க்காமல் கேற்றால் போய்விட்டான். குணா சுரேனைத் தன் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

கூட்டம் கலைந்த பிறகு, நான் சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு அஸ்மி வந்தான்.

"சேர், அவனுக்குக் காது கேக்கா. பொறந்ததுல இரிந்தே."

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். போன வருடம் வேறோர் இடத்தில் உண்மையைச் சொன்னார்களாம். எழுதிய பெயரை அவர்கள் அப்படியே வெட்டிவிட்டார்களாம். அதனால் இந்த முறை மறைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் நிற்கும்போது பார்த்து ரிஸ்வானும் நிற்பான். இத்தனை ஆட்டம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. ரிங்கைப் பார்த்துக்கொண்டு பாய்பவனுக்கு மட்டும் மற்றவர்கள் நின்றது தெரியாது.

நான் ரிஸ்வானிடம் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கே கேட்டது. ஒரு சப்பாத்தின் கயிற்றைக் கட்டாமலே வீட்டுக்குப் போனேன்.

2. உதட்டில் நாலு தையல்

அடுத்த நாள் குணாவோடு சுரேனைப் பார்க்கப் போனேன். உதட்டில் நாலு தையல். அவனுடைய அம்மா எங்களோடு கதைக்கவில்லை. தேத்தண்ணியை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ரிஸ்வானின் விஷயத்தைச் சொன்னேன். சுரேனுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அவன் ஆட்டக்காரன், அந்த இடத்தைத் தன் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தான்.

"நான் கையத் தொங்கப்போட்டு நிண்டன். அப்பிடி நிண்டா, ஓடி வாறவனுக்கு ஆட்டம் நிண்டது எப்பிடித் தெரியும்," என்றான். பிறகு உதட்டைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "விசிலுக்கு எல்லாரும் கையத் தூக்கியிருந்தா அவன் கண்டிருப்பான் சேர்."

அங்கிருந்து நேரே கல்முனைக்குடிக்குப் போனேன். ரிஸ்வான் அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் வேலை செய்கிறான் என்று அஸ்மி சொல்லியிருந்தான். வாள் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. அவன் ஒருவன்தான் அந்தச் சத்தத்துக்கு முகம் சுளிக்காமல் நின்றான். என்னைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

போனில் எழுதி அவன் முன்னால் நீட்டினேன்: "பிழை என்னுடையது. உன்னிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

வாசித்தான். தன் போனை எடுத்து எழுதினான்: "நாங்களும் சொல்லியிருக்கணும். அவர்ட பல்லு எப்பிடி?" அதன் கீழே இன்னொரு வரி: "நான் இனி வரமாட்டன்."

கை தூக்கும் யோசனையை எழுதிக் காட்டினேன். யார் சொன்னது என்று சைகையில் கேட்டான். "பல்லு உடைந்தவர்தான்" என்று எழுதினேன். இரண்டு தரம் வாசித்தான். அவன் சிரித்ததை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

3. கை தூக்கும் விதி

மூன்று மாதம் கழித்து அதே கோர்ட்டில் அடுத்த போட்டி. ஏற்பாடு செய்தவர்களுக்கு ரிஸ்வானைச் சேர்க்க விருப்பமில்லை. பாவம்தான், ஆனால் மறுபடி யாருக்காவது காயம் வந்தால் ஊர்ப் பிரச்சினையாகிவிடும் என்றார்கள். அவர்களுடைய பயம் பொய்யில்லை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் முடிவைத் தலைவர்களிடம் விடுவோம் என்றேன்.

எட்டு டீம்களின் தலைவர்களும் ரிங்குக்குக் கீழே கூடினார்கள். விதி இதுதான் என்று சொன்னேன். விசில் ஊதினால் கோர்ட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். நடுவர்களும் தூக்குவோம். ஒரு நடுவர் எப்போதும் ரிங்குக்குப் பின்னால் நிற்பார். ரிங்கைப் பார்த்துப் பாய்பவனின் கண்ணில் அவருடைய கை படும்.

ஒருவருக்காக எல்லாரும் இதைச் செய்ய வேண்டுமா, ஆட்டம் சுணங்கும் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். காரைதீவு டீமின் தலைவனாக அந்த முறை சுரேன் வந்திருந்தான். உடைந்த பல்லுக்குப் புதுப்பல் வைத்திருந்தான்.

"எனக்கு ஒரு பல்லு போயிற்று. மற்றதுகளும் போகாம இருக்கவேணும். நான் தூக்குறன்," என்றான்.

அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துக் கதைக்கவில்லை.

முதல் ஆட்டத்தில் பலருக்கு மறந்தது. மூன்றாவது ஆட்டத்தில் கை தானாக எழும்பியது. சனம் கத்தும்போது காது கேட்பவர்களுக்கே விசில் பிடிபடாது. கையைக் கண்டதும் அவர்களும் நின்றார்கள். விசிலுக்குப் பிறகு ஓடுவதும் தள்ளுவதும் அன்று மிகவும் குறைவு.

ஆனால் நான் வேறொரு பிழை விட்டேன். ரிஸ்வான் பந்தைத் தொட்டாலே சனம் கை தட்டியது. எனக்கும் அவன் மேல் இரக்கம், போன முறை நடந்ததற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற எண்ணம். அவன் ஒருவனை இடுப்பால் தள்ளினான்; அது பவுல், ஆட்டத் தவறு, ஆனால் விட்டேன். இன்னொருவனின் கையில் தட்டினான், அதையும் விட்டேன். தட்டியது அவனுக்கே தெரிந்திருந்தது. விசில் வரும் என்று நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஓடு என்று கை காட்டினேன். அவன் முகம் சுருங்கியது.

இடைவேளையில் குணா என்னைத் தண்ணீர்த் தாங்கியின் பக்கமாகக் கூட்டிப் போனார்.

"நவாஸ் சேர், அவனுக்கு ரெண்டு பவுல் விட்டுட்டீங்க. அவனோட விளையாட வந்த மற்றப் பொடியன்கள் என்ன பாவம் செஞ்சவங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதலாக வந்தது. கோர்ட்டுக்குத் திரும்பினேன்.

4. இருபதுக்கு இருபது

இறுதி ஆட்டம் கல்முனைக்குடிக்கும் காரைதீவுக்கும். மஃரிப் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. இருபதுக்கு இருபது. அடுத்த புள்ளியோடு முடிந்துவிடும்.

பந்து சுரேனிடம். அஸ்மியைத் தாண்டி உள்ளே வந்து ரிங்குக்கு எழும்பினான். ரிஸ்வான் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து மறித்தான். அழகான பாய்ச்சல். பந்து வெளியே தெறித்தது, கூட்டம் குதித்தது. நான் ரிங்குக்குப் பின்னால் நின்றேன். ரிஸ்வானின் கை பந்தில் படவில்லை, சுரேனின் மணிக்கட்டில் பட்டது. என்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

ஊதாவிட்டால் என்னை ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஊதினால் ஊரே கேட்கும். மூச்சை உள்ளே இழுக்கும் அந்த நேரத்துக்குள் இவ்வளவும் யோசித்தேன். ஊதினேன்.

ஆறு கைகள் எழும்பின. அதில் ஒன்று ரிஸ்வானுடையது.

அந்தப் பொடியன்தானா உங்களுக்குக் கிடைத்தான் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். வேறு சிலர் வேறு விதமாகக் கேட்டார்கள். குணா மட்டும் தலையை ஆட்டினார். யாரும் மறிக்காமல் எறிய சுரேனுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. பந்து ரிங்கில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. இருபத்தொன்று.

ரிஸ்வான் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தான். சுரேன் கொஞ்ச நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் போகவில்லை. போட்டி முடிந்தவுடன் தோற்றவனிடம் நடுவர் போய் நிற்பது நல்லதல்ல. ஆனால் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குப் போகும் வழியெல்லாம் அந்த முகம்தான் என்னோடு வந்தது.

புதிதாக விசில் எடுக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் படித்ததைச் சொல்கிறேன். ஒருவருக்கு ஆட வழியில்லையென்றால் வழியைச் செய்து கொடுங்கள். அதற்காக விதியை மாற்ற வேண்டுமென்றால் எல்லாருக்குமாக மாற்றுங்கள். அவர் கோர்ட்டுக்குள் வந்த பிறகு எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரக்கப்பட்டு விடும் ஒவ்வொரு பவுலும் அவரை மறுபடி வெளியே அனுப்புவது போலத்தான். இதை எனக்குச் சொல்லித் தந்தது, நான் ஓடு என்று கை காட்டியபோது சுருங்கிய ரிஸ்வானின் முகம்தான்.

மறுநாள் காலை அவனிடமிருந்து செய்தி வந்தது. பயந்து பயந்துதான் திறந்தேன்.

"நேத்து கடைசிப் பவுல் சரி. என்ட கை பட்டது. ஆனா செமி ஃபைனல்ல ஏழாம் நம்பர் என்ட சேர்ட்டப் பிடிச்சி இழுத்தத நீங்க காணல்ல. வீடியோ அனுப்பியிரிக்கன், பாருங்க."

பார்த்தேன். நன்றாகவே பிடித்து இழுத்திருக்கிறான். பதினாறு வருடமாக எத்தனையோ ஆட்டக்காரர்கள் மறுநாள் காலையில் என்னோடு இப்படிச் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதும் அதே பதிலை அவனுக்கும் எழுதினேன்.

"ஓம், நான் காணல்ல. ஸ்கோர் மாறாது."