நான்கு சில்லுக்கும் நல்லெண்ணெய்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த பிறகுதான் எனக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரிந்தது. அதற்கு முன்பு எங்களிடம் ஒரு மாட்டு வண்டில் இருந்தது. அதைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே காணி கிடைத்து, யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. அப்பா வயலும் செய்தார், ஒரு பழைய காரை வாங்கிக் கிளிநொச்சி ஸ்ரேசனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு ஓடவும் செய்தார். கார் பார்க்க மோசமில்லை. ஓடும்போதும் மோசமில்லை. நிறுத்தும்போதுதான் வில்லங்கம். அப்பா பிறேக்கில் காலை வைத்தால், பன்றியைப் பிடித்துக் கட்டுகிற மாதிரி ஒரு சத்தம் எழும்பும். பள்ளிக்கூட வாசலில் அது கேட்டால் வகுப்பில் உள்ள அத்தனை பேரும் காரைப் பார்ப்பதற்குப் பதில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சிலேற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

அப்பாவுக்கு அதில் ஒரு கூச்சமும் இருக்கவில்லை. யாராவது கேலி செய்தால், அவர்கள் ஏதோ நோயைப் பற்றி விசாரித்தது போல நின்று விளக்கம் சொல்லுவார்.

"காலமை முதல் ரெண்டு தரம் மட்டும் கத்தினா அது பனி. டிரம்முக்குள்ளை ஈரம் பட்டுக் கறள் பிடிச்சிருக்கும், தானாப் போயிடும். கிறவல் றோட்டாலை வந்த பிறகு கத்தினா, புழுதி. சில்லு ஒரு சுத்துச் சுத்த ஒருக்கா மட்டும் முனகினா, டிரம் வட்டம் தப்பிப்போச்சு."

சில்லுக்குள், அதாவது சக்கரத்துக்குள், இரும்புப் பானை போல ஒரு டிரம் சுற்றும், பிறேக்கை மிதித்தால் அதன் உட்பக்கத்தில் இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து உரஞ்சி அதை நிறுத்தும், அந்தக் கட்டைகளில் அறைந்திருக்கும் பட்டிக்கு லைனிங் என்று பெயர். இதெல்லாம் நான் விரும்பிப் படித்ததல்ல. சோறு தின்னும்போதுகூட அப்பாவின் கதை அதுதான். அவருக்கு அந்தக் காது வாய்த்திருந்தது. மாங்குளத்திலிருந்து லொறிக்காரர்கள்கூட வண்டியைக் கொண்டு வருவார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு றோட்டோரத்தில் நிற்பார். அவர்கள் ஓட்டிவந்து பிறேக் பிடிப்பார்கள். "முன் சில்லு, வலப்பக்கம்" என்பார். கழற்றிப் பார்த்தால் பிழை அந்தச் சில்லில்தான் இருக்கும். ஊரில் அப்பாவுக்கு இருந்த மதிப்பெல்லாம் அந்தக் காதால் வந்ததுதான்.

எங்கள் காரின் சத்தத்துக்கும் அவர் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ஆணிகள் டிரம்மில் கீறுகின்றன. புது லைனிங்குக்கு யாழ்ப்பாணத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அது வந்து சேருவதற்கிடையில்தான் அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சேதி வந்தது.

அம்மா அன்றைக்கே தொடங்கிவிட்டா.

"சம்பந்தம் பேச வாற ஆக்களை இந்தக் கத்தலோடையோ கூட்டிக்கொண்டு வரப்போறியள்? காதைப் பொத்திக்கொண்டெல்லோ இறங்குவினம்."

"கத்தினாலும் பிடிக்குது. மெல்லமா ஓட்டிக்கொண்டு வாறன்" என்றார் அப்பா.

"வேறை கார் ஒண்டைக் கேட்டுப் பாருங்கோவன்."

"என்ரை வீட்டுக்கு வாற ஆக்களை இன்னொருத்தன்ரை காரிலையோ ஏத்திறது?"

நான் முழுக்க அம்மாவின் பக்கம். அக்கா எந்தப் பக்கமும் இல்லாமல் பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தா.

அவர்கள் வருகிற நாள் காலை, அப்பா அவர்களைக் கூட்டிவர ஸ்ரேசனுக்குப் போனபின் நாங்கள் வீட்டைக் கூட்டித் துடைத்து, நல்ல உடுப்பு உடுத்து வெளிக்கிட்டு, வாசல் படலையடியில் வந்து நின்றோம். அயல் வீட்டுப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். என்னோடு படிக்கிற இரண்டு பெட்டைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் காரின் கத்தலைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

குளக்கட்டிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமாகப் பாதை சரிந்து இறங்கும். இறக்கம் முடிகிற இடத்தில் எங்கள் படலை. படலையைத் தாண்டினால் வாய்க்கால்.

கார் குளக்கட்டில் தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கார் இறங்கத் தொடங்கியது. சத்தமே இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு. கார் கிட்ட வந்தது. அப்போதும் சத்தமில்லை. அம்மா கைகூப்பினா. அயல் பெண்களும் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன்.

கூப்பிய கைகளுக்கு முன்னால் கார் நிற்காமல் போனது. கண்ணாடிக்குள் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் எங்களுக்குப் பதில் வணக்கம் சொல்லக் கையைத் தூக்கியிருந்தார். அப்படியே போய், மூக்குக் கீழாக, கார் வாய்க்காலுக்குள் இறங்கி நின்றது.

ஒருவருக்கும் பெரிய அடியில்லை. வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர்தான். ஆனால் சேறு. மாப்பிள்ளையின் தாயை இரண்டு பேர் தூக்கி வெளியே எடுத்தார்கள். அவவின் பட்டுச் சேலை அரைவாசி கறுத்துப்போயிருந்தது. தகப்பனின் ஒரு செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு அவர் கரையில் ஏறி நின்றபோது என் வகுப்புப் பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா மட்டும் "வரேக்கை வழியெல்லாம் பலகாரம் சுடுற மணம் வந்தது, உங்கடை வீட்டிலை எண்டெல்லோ நினைச்சனான்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தா.

"என்ன மனுசன் நீர்?" என்று தகப்பன் அப்பாவைப் பார்த்துக் கத்தினார். "பிறேக் இல்லாத காரிலையோ எங்களை ஏத்திக்கொண்டு வந்தனீர்?"

அப்பா காரின் பின்பக்கம் போனார். பின் சில்லருகில் குந்தியிருந்து, பிறேக் இறுக்குவதற்காக அதில் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்தார். விரலை மூக்கில் வைத்து மணந்தார். பிறகு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தா. அப்பா விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"பிழை என்ரைதான். நேற்றுக் கழட்டிப் பூட்டேக்கை லைனிங்கிலை கிறீஸ் பட்டிட்டுது. நான் கவனிக்கேல்லை."

கூட்டத்தில் நின்ற ஒரு லொறிக்காரர், "நீங்களோ அண்ணை கவனிக்கேல்லை?" என்று கேட்டார். அப்பா திரும்பவும் அதையே சொன்னார். இரண்டாம் தரம் சொல்லும்போது குரல் இன்னும் உரத்து இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே வாய்க்காலுக்குள் இறங்கி மூழ்கிவிடலாம் போலிருந்தது.

விருந்தினர்கள் கால் கழுவினார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள், அக்காவைச் சரியாகப் பார்க்காமலே பின்னேரக் கோச்சி ரயிலுக்கு வேறொருவரின் காரில் போய்விட்டார்கள். சில நாட்களில், சகுனம் சரியில்லை என்று தரகர் மூலம் பதில் வந்தது.

நடந்தது என்னவென்று அடுத்த நாள் குசினிக்குப் பக்கத்தில் நின்று நானே கேட்டேன். அம்மா அழுதழுது சொல்லிக்கொண்டிருந்தா. கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம், தையல் மெசினுக்கு விடுகிறோம், கதவுப் பிணைச்சலுக்கும் விடுகிறோம். காருக்கும் அப்படித்தான் என்று நினைத்து, அவர்கள் வந்த அன்று காலை அப்பா குளிக்கப் போன நேரம் அம்மா நல்லெண்ணெய்ப் போத்தலோடு போயிருக்கிறா. அப்பா எந்த ஓட்டைக்குள் ஆயுதம் விட்டுப் பிறேக்கை இறுக்குவார் என்று பார்த்து வைத்திருந்தா. எந்தச் சில்லு கத்துகிறதென்று தெரியாததால் நான்கு சில்லுக்கும் விட்டிருக்கிறா.

அப்பா சொன்னது இவ்வளவுதான். "கப்பி உரஞ்சக்கூடாது, அதுக்கு எண்ணெய் விடலாம். பிறேக் உரஞ்சவேணும். உரஞ்சாட்டி நிக்காது. போகேக்கை சத்தம் இல்லையெண்டு நானும் சந்தோசப்பட்டனான். பிடிப்புக் குறைஞ்சது காலுக்குத் தெரிஞ்சது. கோச்சிக்கு நேரம் போட்டுதெண்டு விட்டிட்டன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அப்படியென்றால் அதை ஊருக்குச் சொல்லலாமே. பள்ளிக்கூடத்தில் எனக்கு வாய்க்கால் என்று பட்டம் வைத்துவிட்டார்கள். லொறிக்காரர்கள் வருவது நின்றுபோனது. தன் பிறேக்கில் கிறீஸ் பட்டதே தெரியாதவர் மற்றவரின் பிறேக்கை என்ன சொல்வார் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்களாம். அப்பா அதையும் கேட்டுக்கொண்டு வயலுக்குப் போய் வந்தார். அம்மா யாரோடும் பேசாமல் சமைத்தா. கார் நின்ற பக்கம் அவ திரும்பிப் பார்ப்பதேயில்லை.

புது லைனிங் வந்து, அப்பா டிரம்முகளைக் கழுவிப் பூட்டினார். கத்தல் நின்றுவிடும் என்று நான் ஆசையோடு இருந்தேன். ஆனால் மெல்லிய முனகல் ஒன்று இருந்தது. புது லைனிங் படியும்வரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று முன்பு அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

ஒரு பின்னேரம் அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்சாரும், ஒருக்கா வாரும். சத்தம் எந்தச் சில்லிலை எண்டு எனக்குப் பிடிபடுகுதில்லை."

"எனக்கென்ன தெரியும்?" என்றா அம்மா.

"காது இருக்குத்தானே. வந்து கேட்டுச் சொல்லும்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனா. அப்பா முன் கதவைத் திறந்துவிட்டார். அதுவரை அம்மா முன் இருக்கையில் இருந்து நான் பார்த்ததில்லை. கார் குளக்கட்டில் ஏறியது. கொஞ்ச தூரம் ஓடியது, முனகிக்கொண்டு நின்றது. திரும்பவும் ஓடியது, திரும்பவும் நின்றது. குளக்கட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெடியள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். என் வகுப்புப் பெட்டைகளும் அங்கே நின்றார்கள். நான் கிடுகு வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓட்டையால் பார்த்தேன்.

கார் வேலிக்கு அருகில் வந்து நின்றபோது அம்மாவின் குரல் கேட்டது.

"பின்னுக்கு. இடக்கைப் பக்கம்."

அப்பா இறங்கி, யக் போட்டுத் தூக்கி, சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தார். மெனக்கெட்டு நெடுநேரம் சுற்றினார்.

"ஓம்," என்றார். "அதுதான்."

அம்மா என்னவோ சொன்னா, அப்பா என்னவோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். அடுத்த நாளும் அப்பா வந்து கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும். கண்ணை மூடிக்கொண்டு லொறியின் சில்லைச் சொன்ன மனிதர், எங்களைச் சேற்றில் தள்ளிய அம்மாவிடம் போய் எந்தச் சில்லு என்று கேட்கிறார். அதுவும் ஊர் பார்க்க. எனக்கு அந்த விபத்தைவிட இது பெரிய வெட்கமாக இருந்தது.

நான் அக்காவிடம் ஓடிப்போய், "அப்பாவுக்குக் காது மந்தமாப் போச்சு" என்று அழுதேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. பிறகு வேலியடிக்கு வந்து, ஓட்டையால், முன் இருக்கையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தா. "நல்ல காலம்" என்று மட்டும் சொன்னா. அக்காவுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் உரத்து அழுதேன்.